அம்பயருக்குக் கடுகு சாஸ் கிடையாது

“செத்துட்டாரா? எப்போ?”

மைதானத்து ஹாட் டாக் கடைக்குள் நின்றபடி லாய்ட் பென்னர் போனில் கத்தினார். மறுமுனையில் அரிசோனாவிலிருந்து பேசிய பெண்மணி, அப்பா போய் மூன்று வருஷமாகிறது, தூக்கத்திலேயே போய்விட்டார், யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை என்றாள்.

‘எங்களுக்கு இப்பக் கொடுத்துட்டாரேம்மா’ என்று சொல்ல வாயெடுத்த லாய்ட், அதை விழுங்கிவிட்டு, ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துப் போனை வைத்தார்.

அவர் மனைவி ஜுனெல் அடுப்பில் சாஸேஜ்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “யாரு செத்தது?”

“ரெட் ஸ்டோபர்.”

புரட்டுவதை நிறுத்தினாள்.

‘இன்று நம் மைதானத்தில் ரெட் ஸ்டோபர்!’ என்று தானியக் கிடங்கின் சுவரிலும் மூன்று சர்ச்சுகளின் அறிவிப்புப் பலகைகளிலும் எழுதியிருந்தது. எழுதியது லாய்ட்தான். அணியின் மேனேஜர் அவர். எங்கள் மாதிரிச் சின்ன ஊரில் மேனேஜர் என்றால் புல் வெட்டுவது, மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பது, ஏணி ஏறி எழுதுவது எல்லாம் சேர்த்தி. போன மாதம் அரிசோனா நம்பருக்குப் போன் போட்டு, யாரும் எடுக்காததால் விழா அழைப்பைப் போனோடு இருக்கும் மெஷினில் பதிவு செய்துவிட்டு, நேராக ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வருவாரா என்ற சந்தேகமே வரவில்லை. வில்லட் மைதானத்துக்குக் கூப்பிட்டு ஒரு மனுஷன் வராமல் இருப்பான் என்று எங்கள் ஊரில் யாருக்குமே தோன்றாது.

“உயிரோட இருக்காரான்னாவது கேட்டிருக்கலாம்ல?” என்றாள் ஜுனெல்.

“இருந்தாரே! போன்ல அவர் குரல்தான் கேட்டுச்சு. ‘ரெட் பேசறேன், இப்ப வீட்டுல இல்ல, விஷயத்தைச் சொல்லிட்டு வைங்க’ன்னாரு.”

“அது மெஷின் பேசறது.”

“பொண்ணுக்கு அந்தக் குரலை அழிக்க மனசு வரலையாம். நான் என்ன பண்றது?”

கேட்டால் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு எங்கள் வில்லட் கோஃபர்ஸ் அணிக்கு நூறாவது ஆண்டு விழா.

கோஃபர் என்றால் எங்கள் கான்சாஸ் வயல்களில் வளை தோண்டிப் பயிரைக் கெடுக்கும் ஒரு வகை எலி. அதன் பெயரைப் போய் எதற்கு வைத்தார்கள் என்று தெரியாது. எத்தனை அடித்தாலும் மறுநாள் காலையில் தலையை நீட்டும், அதனாலாக இருக்கலாம். ரயில்வே ஆட்களும் கிடங்கு ஆட்களும் சேர்ந்து ஆரம்பித்த பேஸ்பால் அணி இது. சூறாவளி மைதானத்துக் கூரையைக் கொண்டுபோனபோது ஆளாளுக்குத் தங்கள் பண்ணைக் கொட்டகையிலிருந்து பலகை பெயர்த்து வந்து மறுபடி கூரை போட்டார்கள். அதனால்தான் அது இன்றும் ஏழெட்டு நிறத்தில் இருக்கிறது. புழுதிப் புயல் காலத்தில் பந்து கண்ணுக்கே தெரியாமல் ஆடினார்கள். ஆள் கிடைக்காத ஒரு வருஷம் பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வலது மூலையில் நின்று பந்து பிடித்தார். பெரிய அணிகளுக்குப் போகும் கனவோடு வரும் பையன்கள் ஊரார் வீட்டு மாடியறைகளில் தங்கி, ஊரார் சமையலைத் தின்று, ஒன்றிரண்டு கோடை ஆடிவிட்டுப் போவார்கள். இத்தனைக்கும் நூறு வருஷத்தில் ஒரு கோப்பை கிடையாது. ஜெயிக்கிற அணியை யார் வேண்டுமானாலும் நேசிக்கலாம். எங்கள் ஊர் இந்த அணியை நேசித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு முறை கோப்பை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. 1961. இறுதி ஆட்டம், இரண்டு பக்கமும் சமம், கடைசி இன்னிங்ஸ். மூன்றாவது தளத்திலிருந்து ரெட் ஸ்டோபர் தரையில் பதித்த வெள்ளைத் தகடான ஹோம் பிளேட்டை நோக்கி ஓடி வந்தான். போய்ச் சேர்ந்துவிட்டால் கோப்பை எங்களுக்கு. அவன் விழுந்து சறுக்க, பிளேட்டைக் காக்கும் கேட்சரின் கைக்குப் பந்தும் வர, ஒரே தூசி. அந்தத் தூசிக்குள்ளிருந்து அம்பயரின் கட்டைவிரல் மேலே போனது. அவுட். சமம் என்பதால் கூடுதலாக ஆடிய இன்னிங்ஸில் எதிரணி ஓர் ஓட்டம் எடுத்துக் கோப்பையைக் கொண்டுபோய்விட்டது.

அந்த அம்பயர் முகமூடியைக்கூடக் கழற்றாமல் வேலி தாண்டி ஓடி, நகர்ந்துகொண்டிருந்த சரக்கு ரயிலில் ஏறித் தப்பித்தான். அவன் பெயரை அச்சிட ஊர்ப் பத்திரிகை மறுத்தது. உச்சரிக்க ஊர் மறுத்தது. அப்படியே அந்தப் பெயர் மறந்தும் போனது. மைதானச் சுவரில் அணியின் வரலாற்றை வரைந்த டீச்சரம்மா அவனைக் கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாக வரைந்து வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டு வழக்கம். மற்ற ஊர்களில் ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து நின்று சோம்பல் முறித்துப் பாட்டுப் பாடுவார்கள். நாங்கள் எழுந்து நின்று, அவுட் இல்லை என்று அம்பயர் காட்டுவதுபோல் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, “சேஃப்!” என்று கத்துவோம். இரண்டாவது வழக்கம், எந்த ஊர் அம்பயர் வந்தாலும் அவருக்கு ஹாட் டாக்கில் கடுகு சாஸ் கிடையாது. பட்டினி போடுகிற ஊர் இல்லை நாங்கள். வெறும் ஹாட் டாக் உண்டு.

“கேட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிடு லாய்ட்,” என்றாள் ஜுனெல். “நாலு பேர் திட்டுவாங்க. அவ்வளவுதான்.”

லாய்ட் உண்மையைச் சொல்லத்தான் போனார். வாசலில் சுற்று வட்டாரமே நின்றது. சக்கர நாற்காலியில் வந்தவர்கள், தோளில் குழந்தையோடு வந்தவர்கள், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கன்றுக்குட்டி. அவர்களுக்கு நடுவில் கையில் குடையோடு கரோல் ஸ்ட்ராண்ட் நின்றார். லீக் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். சின்ன ஊர் அணிகளைக் குறைக்கப் போகிறார்கள். எந்த ஊரைக் கழிப்பது என்று பார்த்துச் சொல்லத்தான் அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

“மிஸ்டர் பென்னர், வெளிப்படையாவே சொல்லிடறேன்,” என்றார். “உங்க கூரையைப் பார்த்தேன். குளியலறையையும் பார்த்தேன். ரெண்டும் உங்களுக்குச் சாதகமா இல்ல.”

“கூரைக்கு ஒரு கதை இருக்கு மேடம்.”

“இருக்கும். ஆனா ஒரு ஊரே ஐம்பத்தெட்டு வருஷமா கைய விரிச்சுக்கிட்டு நிக்குதுன்னு கேள்விப்பட்டேன். அந்த ரெட் ஸ்டோபரை நேர்ல பாக்கத்தான் இன்னிக்கு இந்த ஊரை வச்சுக்கிட்டேன். எங்க அவரு?”

லாய்ட் வாயைத் திறந்தார். “ஓய்வெடுத்துட்டு இருக்காரு.”

ஒரு விதத்தில் அது உண்மைதான்.

“வந்துட்டாரா? அப்ப ஏழாவது இன்னிங்ஸுக்கு முன்னாடி நான் அவர்கிட்டப் பேசணும்.”

லாய்ட் ஹாட் டாக் கடைக்கே திரும்பி ஓடி வந்தார். அங்கே ஜுனெலின் தம்பி டஸ்டி, கோஃபர் எலி வேஷத்தின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தான். கூட்டத்தைக் குஷிப்படுத்த வேஷம் போடும் அணியின் எலி அவன்தான்.

“என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?”

விஷயத்தைக் கேட்டதும் டஸ்டி கொஞ்சமும் அசரவில்லை. “இதுக்குப் போயா? ஒரு கிழவரைப் பிடிச்சு சட்டையை மாட்டி விடுங்க. கிழவர்னா எல்லாருக்கும் ஒரே முகம்தான்.”

“ஊர்ல இருக்கற கிழவர் எல்லாரையும் ஊருக்கே தெரியும்டா.”

“தூணுக்குப் பின்னாடி ஒருத்தர் உக்காருவாரே,” என்றாள் ஜுனெல்.

சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் லாய்ட் பிடித்துக்கொண்டார். “யாரு?”

“ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னாடி, தூண் பாதி மறைக்கற சீட்டு. எங்கேயோ ரெண்டு மாவட்டம் தள்ளியிருந்து பிக்கப் வண்டில வருவாரு. ரொம்ப வருஷமா வர்றாரு, ஒருத்தர்கிட்டயும் பேச மாட்டாரு. ஏழாவது இன்னிங்ஸ்ல எந்திரிக்கக்கூட மாட்டாரு பாவம், முட்டிவலி போல. கடுகு சாஸ் போடட்டான்னு கேட்டா ‘வேணாம்மா’ம்பாரு. அது ஒண்ணுதான் நான் கேட்ட பேச்சு.”

“பேசாத ஆளு,” என்றார் லாய்ட். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. “கடவுளே அனுப்பியிருக்காரு.”

தூணுக்குப் பின்னால் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரின் பெயர் ஆர்லோ டீட்ஸ். லாய்ட் அவர் பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் கொட்டினார். ரெட் செத்தது, லீக் அம்மா வந்திருப்பது, இன்று சொதப்பினால் அடுத்த வருஷம் இந்த மைதானத்தில் சோளம்தான் விளையும் என்பது.

“நீங்க பேசவே வேணாம் பெரியவரே. ரெட்டா வந்து நின்னா போதும்.”

பெரியவரின் ஹாட் டாக் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. “யாரா?”

“ரெட் ஸ்டோபரா.”

“நானா?” என்றார். ஹாட் டாக்கை மடியில் இறக்கி வைத்துவிட்டு, “வேற ஆள் பாரு தம்பி,” என்றார்.

“வேற ஆளே இல்ல. ஏழாவது இன்னிங்ஸ்ல ஹோம் பிளேட்ல அஞ்சு நிமிஷம் நிக்கணும். எல்லாரும் உங்களைப் பார்த்துக் கை விரிப்பாங்க.”

“என்னைப் பார்த்தா?”

“உங்களைப் பார்த்துத்தான்.”

பெரியவர் வலைக்கு அப்பால் ஹோம் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். லாய்ட் காதில் ஆட்டம் தொடங்கும் சத்தம் விழுந்துகொண்டிருந்தது, பெரியவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கடைசியில், “சட்டையைக் கொடு,” என்றார்.

ஏன் மனம் மாறினார் என்று லாய்ட் கேட்கவில்லை. காரியம் ஆனால் போதும் என்று இருந்தார்.

ரெட்டின் பழைய கம்பளிச் சட்டை அணியின் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அது பெரியவருக்கு வயிற்றில் பொருந்தவில்லை. ஜுனெல் முதுகுப் பக்கம் கிழித்து, ஊக்கு குத்தி, “திரும்பி நிக்காதீங்க,” என்று எச்சரித்தாள். ஊர்ப் பொக்கிஷத்தைக் கிழித்துவிட்டோமே என்று அவள் கண்ணில் நீர் வந்தது.

அதற்குள் கரோல் ஸ்ட்ராண்ட் வந்துவிட்டார். “மிஸ்டர் ஸ்டோபர்! அந்த நாளைப் பத்திச் சொல்லுங்களேன்.”

“அவருக்குத் தொண்டை சரியில்ல மேடம்,” என்று குறுக்கே விழுந்தார் லாய்ட்.

ஆனால் பெரியவர் பேசினார். “வெயில் இடது பக்கமா அடிச்சுச்சு. பந்து நடு மைதானத்துல இருந்து ஒரு தடவை தரையில பட்டு எம்பி வந்துச்சு. கேட்சர் அதைப் பிடிச்சுக் கையைக் கீழ இறக்கறான். அவன் வலது காலை மடக்கிச் சறுக்கறான். பிளேட்டோட ஓரத்துல கால் பட்டுச்சா, அதுக்கு முன்னாடி கேட்சர் கை பட்டுச்சான்னு பார்த்தா, தூசி.”

“அவனா? அது யாரு?” என்றார் கரோல்.

லாய்ட் முந்திக்கொண்டார். “வயசாயிடுச்சில்லையா மேடம். சின்ன வயசு ரெட்டை வேற யாரோ மாதிரி ‘அவன்’னுதான் சொல்லுவாரு.”

“என்ன அழகு,” என்றார் கரோல். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்க சேஃபா மிஸ்டர் ஸ்டோபர்?”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். “தூசி அடங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சும்மா.”

லாய்ட் அசந்துபோனார். இந்த ஆள் எங்கேயோ நாடகத்தில் நடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். இனி ஒரு கவலையும் இல்லை என்று அவர் மூச்சு விட்ட வேளையில்தான் வாண்டா க்ரோல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

1961 கோடை முழுக்க ரெட் தங்கியிருந்தது வாண்டாவின் அப்பா வீட்டு மாடியறையில். அப்போது அவளுக்கு இருபது வயசு. எங்கள் ஊர்ப் பெண்களில் ரெட் ஸ்டோபரை மிக அருகில் பார்த்தவள் அவள்தான். எவ்வளவு அருகில் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

வாண்டா பெரியவரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ரெட், உன் கண்ணு நீலமால்ல இருந்துச்சு?”

“கண் ஆபரேஷன் ஆச்சு,” என்றார் லாய்ட்.

“ஆபரேஷன் பண்ணினா கலரு மாறுமா?”

“இப்பல்லாம் மாறுது.”

“உயரமும் குறையுமா?”

லாய்ட் அவளைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஓரமாக அழைத்துப் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் வாண்டா சொன்னாள்: “ரெட் செத்து மூணு வருஷம் ஆச்சு. எனக்கு அப்பவே சேதி வந்துச்சு.”

“தெரியுமா? அப்புறம் ஏன் என்கிட்டச் சொல்லல?”

“நீ கேக்கலையே. சர்ச் பலகையில பேரைப் பார்த்தேன். ஒரு வேளை எனக்கு வந்த சேதி பொய்யோன்னு நெனச்சேன். காலைல எந்திரிச்சு முடிகூடச் சுருட்டிக்கிட்டேன்.”

லாய்ட் அவள் தோளைத் தொட்டார்.

“போ,” என்றாள் வாண்டா. “யாரைப் பிடிச்சுட்டு வந்தியோ எனக்குத் தெரியாது. ஆனா இத்தனை பேர் முகத்தையும் பார்த்துட்டு என்னால உண்மையைச் சொல்ல முடியாது. நல்லபடியா நடத்து.”

நல்லபடியாகத்தான் நடந்திருக்கும், டஸ்டி மட்டும் சும்மா இருந்திருந்தால். ஏழாவது இன்னிங்ஸ் வந்தது. எலித் தலையை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்த டஸ்டிக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை.

“வில்லட் மக்களே! ரெட் ஸ்டோபர் இப்ப மூணாவது தளத்துல இருந்து ஹோம் பிளேட்டுக்கு ஓடி வரப் போறாரு!”

லாய்ட் தலையில் கை வைத்துக்கொண்டு தார்ப்பாய் உருளை மேல் உட்கார்ந்தார். ஓடினால் ஊக்கு தெறிக்கும். விழுந்தால் இடுப்பு போகும். ரெட் ஸ்டோபரை இரண்டாம் முறை சாகடித்த பழி தன் மேல் விழும், கூடவே அணியும் போகும் என்று அவருக்குத் தோன்றியது.

பெரியவர் ஓடவில்லை. மூன்றாவது தளத்திலிருந்து வெள்ளைக் கோட்டை ஒட்டி நடந்து வந்தார். அவர் நடக்க நடக்கக் கூட்டத்தில் சத்தம் அடங்கியது. பாப்கார்ன் விற்பவன் நின்றான். கன்றுக்குட்டி கூடக் கத்தவில்லை. எதிரணிப் பையன்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவர்களுக்கு 1961 என்றால் டைனோசர் காலம், ஆனாலும் கழற்றினார்கள். எங்கள் மைதானத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கொடிக் கம்பத்தில் கயிறு தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

ஹோம் பிளேட்டுக்கு வந்ததும் அவர் நின்றார். கூட்டத்துக்கு முகத்தைக் காட்டியபடி மெதுவாகக் குனிந்து, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பிளேட்டின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். ஓரம் ஓரமாக, ஒரு மூலை விடாமல், அது வெள்ளை வெளேர் என்று தெரியும்வரை துடைத்தார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்து முன்வரிசையில் சிலர் சிலுவைக்குறி போட்டார்கள்.

பிறகு நிமிர்ந்தார்.

யாரும் சொல்லாமலே எல்லாரும் எழுந்தோம். வாண்டா க்ரோல் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். கரோல் ஸ்ட்ராண்ட் குடையோடு எழுந்தார். எதிரணி எழுந்தது. அன்றைய அம்பயர், சின்னப் பையன், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முகமூடியை மேலே தள்ளிக்கொண்டான். அத்தனை கைகளும் விரிந்தன. “சேஃப்!” என்று ஊர் கத்தியது. பல நிறக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன.

பெரியவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பின்பு காலை அகட்டி நின்று, இரண்டு கைகளையும் விசுக்கென்று விரித்தார். நாங்கள் அத்தனை வருஷமும் விரித்ததெல்லாம் கோணல் மாணல் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்படி ஒரு நேர்த்தி. முதுகில் ஊக்கு தெறித்த சத்தம் லாய்டுக்கு மட்டும் கேட்டது. அவர் அழுதுகொண்டிருந்தார், அதனால் பொருட்படுத்தவில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். அது வழக்கம்தான். கரோல் ஸ்ட்ராண்ட் காரில் ஏறும் முன் லாய்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“குளியலறையைச் சரி பண்ணுங்க,” என்றார். “கூரையைத் தொடாதீங்க. உங்க ஊரைக் கழிக்கணும்னா முதல்ல என்னைக் கழிக்கட்டும்.”

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பெரியவர் தன் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு ஹாட் டாக் கடைக்கு வந்து நின்றார். ஜுனெல் பழக்கப்படி வெறும் ஹாட் டாக்கை நீட்டினாள்.

“இன்னிக்குக் கொஞ்சம் கடுகு சாஸ் போடும்மா,” என்றார்.

அவள் தாராளமாகவே போட்டாள். அதை ஒரு கையில் ஏந்திக்கொண்டு அவர் பிக்கப் வண்டியில் ஏறினார். லாய்ட் கூடவே வந்து கதவைச் சாத்தினார்.

“பெரியவரே, நீங்க இந்த ஊரைக் காப்பாத்திட்டீங்க. உங்களுக்கு நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க. முன்வரிசையில நல்ல சீட்டாத் தரட்டா?”

“அதே சீட்டு போதும் தம்பி. அங்கேருந்து பிளேட்டு நல்லாத் தெரியுது.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பந்து வந்த பக்கம், ரெட் கால் மடக்கினது, எல்லாம் கூடவே நின்ன மாதிரிச் சொன்னீங்களே. அன்னிக்கு நீங்க ஆட்டம் பாக்க வந்திருந்தீங்களா?”

பெரியவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமி இருமிக் கிளம்பியது. ஹாட் டாக்கை ஒரு கடி கடித்து, கண்ணை மூடி ரசித்து மென்று விழுங்கினார். பிறகு ஸ்டியரிங் மேல் இருந்த தன் வலது கையைப் பார்த்தபடி சொன்னார்:

“வந்திருந்தேன். தூசி அடங்கற வரைக்கும் பொறுத்திருக்கணும். சின்ன வயசு, அவசரப்பட்டுக் கட்டைவிரலைத் தூக்கிட்டேன்.”